துறவி சொன்ன வேலி

லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. கூட்டத்திலிருந்த ஒருவன், சொத்தைத் தன்னோடு பங்கிட்டுக்கொள்ளும்படி தன் சகோதரனுக்குச் சொல்லவேண்டும் என்று ஆண்டவரிடம் முறையிடுகிறான். உங்களுக்குப் பாகம் பிரித்துத் தரும் நடுவராக என்னை அமர்த்தியவர் யார் என்ற பொருள்பட வினவி, ஆண்டவர் அவ்வழக்கில் தலையிட மறுத்துவிடுகிறார். பேராசையைக் குறித்து எச்சரித்ததோடு சரி. அதே நற்செய்தியில் இரண்டு அதிகாரங்களுக்கு முன்னர்தான் நல்ல சமாரியர் உவமை இடம்பெற்றுள்ளது. அங்கே குருவும் லேவியரும் எவருடைய விவகாரத்திலும் தலையிடவில்லை. யாரையும் அடிக்கவில்லை, யாருடைய பொருளையும் பறிக்கவில்லை. சாலையின் மறுபக்கமாக விலகிச் சென்றார்கள், அவ்வளவே. ஆண்டவரும் விலகினார், இவர்களும் விலகினார்கள். ஆனால் இரண்டு விலகல்களும் ஒன்றல்ல என்பதைச் சிறு குழந்தையும் அறியும்.

தலையிடாமை எப்போது அறமாகிறது, எப்போது அறத்தினின்று வழுவுவதாகிறது என்னும் இவ்வினா தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று, நாடுகளுக்கும் உரியது. பிற நாடுகளின் விவகாரங்களில் தலையிடமாட்டோம் என்று சொல்வது எந்த அரசுக்கும் எளிது. அதையே தன் வாழ்வு நெறியாகப் பல நூற்றாண்டுகள் கொண்டிருந்து, அதன் நன்மையையும் அதனால் வரும் இழுக்கையும் ஒருங்கே கண்ட நாடு சுவிட்சர்லாந்து. அந்நெறியின் தோற்றுவாயில் நம் திருச்சபையின் புனிதர் ஒருவர் நிற்பதாக அந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். அவ்வரலாற்றை இங்குச் சிறிது விரிவாகக் காண்போம்.

புனித நிக்கோலாஸ் 1417-ஆம் ஆண்டு, ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே ஓப்வால்டன் பகுதியிலுள்ள ஃப்ளூயெலி என்னும் சிற்றூரில் பிறந்தார். உழவர், எழுத்தறியாதவர். படைவீரராகப் போர்க்களம் சென்றவர். ஊர் வழக்குகளில் நடுவராகவும் மன்ற உறுப்பினராகவும் பணியாற்றியவர். தொரொத்தேயா என்னும் பெண்மணியை மணந்து, ஆண் ஐவரும் பெண் ஐவருமாகப் பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். ஐம்பதாம் வயதில், 1467 அக்டோபர் 16 அன்று, மனைவியின் இசைவைப் பெற்று வீட்டைவிட்டுத் துறவியாகப் புறப்பட்டார். கடைக்குட்டிப் பிள்ளைக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. இதை எண்ணும்போதெல்லாம், நிக்கோலாசைவிடத் தொரொத்தேயாவே நமக்குப் பெரியவராகத் தோன்றுகிறார். அந்தப் பத்துப் பிள்ளைகளோடும் வீட்டோடும் நிலத்தோடும் நின்றவர் அவரல்லவா!

தொலைநாடு செல்லக் கருதிப் புறப்பட்ட நிக்கோலாஸ் பாதி வழியிலேயே திரும்பி வந்தார். தம் வீட்டிலிருந்து சில நிமிட நடைத் தொலைவிலேயே, ரான்ஃப்ட் என்னும் பள்ளத்தாக்கில் தங்கினார். ஊரார் அவருக்கு ஒரு குடிலும் சிற்றாலயமும் கட்டித் தந்தனர். நற்கருணையன்றி வேறுணவு கொள்ளாமல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் வாழ்ந்ததாக அக்காலத்தவர் சான்று பகர்ந்துள்ளனர். மக்கள் அவரை அன்போடு ‘சகோதரர் கிளாஸ்’ என்று அழைத்தனர். அவருடைய குடிலின் ஒரு சாளரம் சிற்றாலயத்தின் பீடத்தை நோக்கித் திறக்கும். மற்றொன்று வெளியே, தேடி வருவோரை நோக்கித் திறக்கும். அந்தச் சாளரத்தருகே உழவர்களும் வந்தனர். அரசுகளின் தூதர்களும் வந்தனர்.

அக்காலத்தில் சுவிட்சர்லாந்து ஒரே நாடாக இருக்கவில்லை. அது எட்டுச் சிற்றரசுகளின் கூட்டணி. மலைநாட்டு உழவர் அரசுகள் ஒருபுறம். சூரிச், பெர்ன், லூசர்ன் போன்ற நகர அரசுகள் மறுபுறம். 1476, 1477-ஆம் ஆண்டுகளில் இவர்கள் பர்கண்டியின் கோமகன் சார்லசை மூன்று போர்களில் முறியடித்தனர். மூன்றாவது போரில் கோமகனும் மாண்டார். ஐரோப்பாவே வியந்த வெற்றி அது. ஆனால் வெற்றியின் பின்னாலேயே பூசலும் வந்தது. கைப்பற்றிய பொருளை எப்படிப் பங்கிடுவது? ஃப்ரைபூர், சோலோதர்ன் ஆகிய இரு நகரங்களைக் கூட்டணியில் சேர்ப்பதா, வேண்டாமா? பாகம் பிரிக்கக் கேட்டு ஆண்டவர் முன் நின்ற மனிதனின் கதைதான். 1481 டிசம்பரில் ஸ்டான்ஸ் என்னும் ஊரில் கூடிய பேரவை முறிந்துபோகும் நிலையை எட்டியது. அடுத்தது உள்நாட்டுப் போர்தான் என்று பலரும் அஞ்சினர்.

அன்றிரவு ஸ்டான்ஸ் பங்குத்தந்தை ஹைமோ என்பவர் ரான்ஃப்டுக்கு விரைந்தார். குளிர்காலம், மலைவழி, இருட்டு. துறவியிடம் பேசிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட அவர் திரும்பி வந்தபோது தூதர்கள் ஊருக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்தனர். விடுதி விடுதியாக ஓடி, கண்ணீரோடு மன்றாடி, அவர்களை மீண்டும் கூட வைத்தார். சகோதரர் கிளாஸ் சொல்லியனுப்பியதை எடுத்துரைத்தார். சிறிது நேரத்தில் உடன்பாடு கண்டது. ஊரெங்கும் ஆலய மணிகள் ஒலித்தன. நாள் டிசம்பர் 22. தந்தையோடு அப்பேரவைக்கு வந்திருந்த டீபோல்ட் ஷில்லிங் என்னும் இளைஞர் பிற்காலத்தில் எழுதிய வரலாற்றேட்டில் இவையெல்லாம் உள்ளன. துறவி சொல்லியனுப்பியது என்ன என்பது மட்டும் அதில் இல்லை. பங்குப்பணியில் இருக்கும் நமக்கு ஹைமோவை எண்ணும்போது மனம் நிறைகிறது. அறிவுரை புனிதருடையது, மலை ஏறி இறங்கிய கால்கள் ஒரு பங்குத்தந்தையுடையவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலையிடாமையின் தந்தை என்று போற்றப்படுபவர் வரலாற்றில் இடம்பெறுவது ஒரு தலையீட்டினால்தான். வாளின்றி, பதவியின்றி, எத்தரப்பையும் சாராமல் அவர் தலையிட்டார். எத்தரப்பையும் சாராதவர் என்பதனாலேயே இருதரப்பாரும் செவிசாய்த்தனர்.

வேலியை மிக அகலமாகப் போடாதீர்கள், பிறருடைய சண்டைகளில் சிக்கிக்கொள்ளாதீர்கள் என்ற பொருளில் அவர் தம் நாட்டாருக்கு அறிவுரை கூறியதாக ஒரு வழக்கு உண்டு. சுவிஸ் நாட்டின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றிப் பேசுவோர் இதை மறவாமல் குறிப்பிடுவர். ஆனால் அது எழுத்தில் வருவது 1537-ஆம் ஆண்டு ஹான்ஸ் சாலாட் என்பவர் இயற்றிய வாழ்க்கை வரலாற்றில். நிக்கோலாஸ் இறந்ததோ 1487 மார்ச் 21. இடையே ஐம்பது ஆண்டுகள். அந்த ஐம்பது ஆண்டுகளில் சுவிஸ் மக்கள் பட்ட அடியே அச்சொற்களைத் துறவியின் வாயில் வைத்ததோ என்று ஐயுறுவதில் தவறில்லை. புனிதரின் பெயரால் வழங்கும் எல்லாவற்றையும் அவர் சொன்னதாகவே கொள்ளவேண்டும் என்று விசுவாசம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த அடி மரிஞானோ என்னுமிடத்தில் விழுந்தது. இத்தாலியின் மிலான் நகரைப் பிடிப்பதற்காகப் பிரெஞ்சு மன்னரும் பிறரும் போட்டியிட்ட காலம் அது. சுவிஸ் படைகள் வேலியைத் தாண்டி, மிலானைத் தம் காவலில் வைத்திருந்தன. அவர்களை இப்போரில் முன்னின்று தூண்டியவர் சியோன் நகர ஆயராகிய கர்தினால் மத்தேயு ஷீனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1515 செப்டம்பர் 13, 14 ஆகிய இரு நாள்களும் நடந்த போரில் முதலாம் பிரான்சிசின் பீரங்கிகளுக்கும் குதிரைப் படைக்கும் முன் சுவிஸ் காலாட்படை ஆயிரக்கணக்கில் மடிந்தது. அந்தப் படையோடு ஆன்ம குருவாகச் சென்றவர்களுள் ஸ்விங்லி என்னும் இளங்குருவும் ஒருவர். பின்னாளில் சூரிச்சில் சீர்திருத்தச் சபையை நிறுவியவர் இவரே. மறு ஆண்டு, 1516-இல், பிரான்சுடன் ‘நிலையான அமைதி’ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்பின் சுவிஸ் கூட்டணி தன் எல்லைகளை விரிக்கும் பெருநாட்டுக் கனவைப் படிப்படியாகக் கைவிட்டது.

தோல்வி கற்பித்த பாடம் மட்டும் போதுமானதாயிருந்ததா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் சூரிச்சும் பின்னர் பெர்னும் சீர்திருத்தச் சபைக்குச் சென்றன. ஊரி, ஸ்விட்ஸ், ஊன்டர்வால்டன், லூசர்ன், சூக் ஆகியவை கத்தோலிக்க விசுவாசத்தில் நின்றன. 1531-இல் காப்பல் போர்க்களத்தில் உடன்பிறப்புகளே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டனர். ஸ்விங்லியும் அங்கேதான் இறந்தார். இனி ஐரோப்பாவில் எந்தப் போர் மூண்டாலும் கத்தோலிக்கர் ஒரு பக்கமும் மற்றவர் எதிர்ப்பக்கமும் சாய்வர். கூட்டணி அன்றே உடையும். ஜெர்மானிய நாடுகளைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போர் 1618 முதல் 1648 வரை எரிந்தபோது சுவிஸ் மக்கள் விலகி நின்றது இதனால்தான். 1674-இல் பேரவை கூடித் தான் நடுநிலை நாடு என்று வெளிப்படையாக அறிவித்தது. ஆகவே நடுநிலைமை உயர்ந்த கொள்கையாகப் பிறந்ததைவிட, ஒரே கூரையின்கீழ் இருவேறு மறைப்பிரிவினர் வாழவேண்டிய தேவையிலேயே மிகுதியும் வளர்ந்தது எனலாம். தேவையிலிருந்தும் நல்லவை பிறப்பதுண்டு.

எனினும் அரசு விலகி நின்றதே தவிர, மக்கள் விலகி நிற்கவில்லை. மலைநிலம் எல்லாருக்கும் சோறு போடாது. எனவே இளைஞர்கள் கூலிப்படைகளில் சேர்ந்தனர். அவர்களை அனுப்பிய அரசுகள் அந்நிய மன்னர்களிடம் பணம் பெற்றன. 1709-இல் மால்ப்ளாக்கே போரில் பிரெஞ்சுப் படையிலும் சுவிஸ் வீரர்கள், எதிரே டச்சுப் படையிலும் சுவிஸ் வீரர்கள்! திருத்தந்தையின் காவலராக 1506 ஜனவரியில் உரோமைக்கு வந்த சுவிஸ் படையை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். 1527 மே 6 அன்று பேரரசரின் படைகள் உரோமையைச் சூறையாடியபோது, 189 காவலருள் 147 பேர் ஏழாம் கிளமெந்தைக் காத்து உயிர் நீத்தனர். அந்த ஈகம் உயர்ந்தது. ஆனால் அதே வழக்கத்தின் மறுமுகம் இழிந்ததாகவும் இருந்தது.

அந்த மறுமுகத்தை நம் பக்கத்து மண்ணும் பார்த்திருக்கிறது. சுவிஸ் கூட்டணியோடு இணைந்திருந்த நியூஷாட்டல் பகுதியின் பிரபு சார்லஸ் தானியேல் தெ மெரோன், 1781-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினிக்காக ஒரு படைப்பிரிவைத் திரட்டினார். அது பின்னர் இலங்கையில் கொழும்புக் கோட்டையைக் காத்தது. 1795-இல் ஆங்கிலேயரின் சார்பில் ஹியூ க்ளெகார்ன் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் நியூஷாட்டலுக்கே சென்று பிரபுவிடம் பேரம் பேசி, படைப்பிரிவு முழுவதையும் ஆங்கிலேயர் பக்கம் மாற்றிவிட்டார். இச்செய்தியைக் கோட்டைக்குள் அனுப்பப் பாலாடைக்கட்டிக்குள் கடிதத்தை மறைத்து வைத்தார்கள் என்று ஒரு சுவையான கதையும் உண்டு. காவலரை இழந்த கொழும்பு 1796 பிப்ரவரியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதே தெ மெரோன் படை 1799-இல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை முற்றுகையிலும் பங்குகொண்டது. அப்படையினர் சிலரின் கல்லறைகளை அங்கே இன்றும் காணலாம். பிறருடைய விவகாரத்தில் தலையிடாத நாட்டின் மைந்தர் காவிரிக் கரையில் யாருடைய விவகாரத்துக்காக உயிர் துறந்தார்கள்? 1859-இல்தான் சுவிஸ் அரசு அந்நியக் கூலிப்படைச் சேவையைச் சட்டத்தால் தடுத்தது.

இடையில் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுப் படைகள் அந்நாட்டுக்குள் நுழைந்ததும், பின்னர் 1815 நவம்பர் 20 அன்று பாரிசில் வல்லரசுகள் கூடிச் சுவிட்சர்லாந்தின் நிரந்தர நடுநிலைமையை ஏற்றுக் கையெழுத்திட்டதும் பள்ளிப் பாடங்களில் உள்ளவை. வலியவர் ஏற்றுக்கொள்ளாவிடில் எளியவரின் நடுநிலைமை வெறும் காகிதமே என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

1859 ஜூன் 24. வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்னுமிடத்தில் பிரெஞ்சு, சார்தீனியப் படைகள் ஆஸ்திரியப் படையோடு மோதின. ஜெனீவா நகர வணிகர் ஹென்றி துனான் தம் தொழில் தொடர்பாகப் பிரெஞ்சுப் பேரரசரைக் காண வந்தவர், வந்த வேலையை மறந்து நின்றார். காயமுற்றோரை ஆயிரக்கணக்கில் சுமந்து வந்து அருகிலுள்ள காஸ்திலியோனே ஊரில் போட்டிருந்தார்கள். அவ்வூர்க் கத்தோலிக்க ஆலயத்தின் தரையெங்கும் படுத்துக் கிடந்தவர்களுக்கு அவ்வூர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்தனர், கட்டுப் போட்டனர். இவன் நம்மவன், அவன் பகைவன் என்று அவர்கள் பார்க்கவில்லை. எல்லாரும் உடன்பிறந்தோரே என்று சொல்லிக்கொண்டனர். கால்வினிய சபையைச் சேர்ந்த துனான் அக்கத்தோலிக்கப் பெண்களிடம் கற்ற பாடத்தை 1862-இல் நூலாக்கினார். 1863-இல் ஜெனீவாவில் ஐவர் குழு அமைந்தது. 1864 ஆகஸ்டு 22 அன்று முதல் ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செஞ்சிலுவைச் சங்கம் பிறந்த கதை இது. சுவிஸ் கொடியின் நிறங்களை இடம் மாற்றினால் அச்சங்கத்தின் கொடி கிடைக்கும். 1871 பிப்ரவரியில், ஜெர்மானியரிடம் தோற்று, பனியில் உறைந்து, பட்டினியால் வாடிய பிரெஞ்சுத் தளபதி பூர்பாக்கியின் படையினர் 87,000 பேர் எல்லைக்கு வந்தபோது, சுவிஸ் மக்கள் படைக்கருவிகளை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்களை ஊர்தோறும் பகிர்ந்து ஏற்று உணவூட்டினர். போரில் சேராத நாடு, போரில் வீழ்ந்தவனுக்கு வீடாக முடியும் என்று அன்று காட்டினார்கள். நடுநிலைமையின் மிகச் சிறந்த காலம் அதுவே என்பது நம் கருத்து.

ஆனால் எழுபது ஆண்டுகளுக்குப் பின் வந்தது வேறு காலம். 1938-இல் சுவிஸ், ஜெர்மானிய அதிகாரிகள் நடத்திய பேச்சின் முடிவில், ஜெர்மானிய யூதர்களின் கடவுச்சீட்டுகளில் ‘ஜே’ என்னும் எழுத்து முத்திரையிடப்பட்டது. எல்லையில் யூதரை இனங்கண்டு நிறுத்த அது உதவிற்று. 1940-இல் பிரான்சு வீழ்ந்தபின் ஹிட்லரும் முசோலினியும் அந்நாட்டை நாற்புறமும் சூழ்ந்துகொண்டனர். அந்த அச்சத்தைக் குறைத்து மதிப்பிடுவது நீதியன்று. 1942 ஆகஸ்டில் எல்லை பெரும்பாலும் மூடப்பட்டது. கூட்டாட்சி மன்ற உறுப்பினர் எட்வர்ட் ஃபொன் ஸ்டைகர், ஏற்கெனவே நிறைந்துவிட்ட சிறு உயிர்காப்புப் படகுக்கு நாட்டை ஒப்பிட்டுப் பேசினார். போர் முடியும்வரை ஏறத்தாழ 20,000 யூத அகதிகளுக்கு அந்நாடு புகலிடம் தந்தது உண்மை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எல்லையில் திருப்பியனுப்பப்பட்டதாக ஆய்வுகள் கூறுவதும் உண்மை. அவர்களுள் யூதர் எத்தனை பேர் என்பது குறித்தே ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஜெர்மானிய அரசு வங்கி விற்ற தங்கத்தைச் சுவிஸ் தேசிய வங்கி வாங்கியது. அதில் பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து கொள்ளையிட்ட தங்கமும் இருந்தது. 1996-இல் சுவிஸ் நாடாளுமன்றமே அமைத்த பெர்ஜியே ஆணையம் 2002-இல் தன் முடிவறிக்கையை வெளியிட்டு இவற்றையெல்லாம் ஊரறியச் சொன்னது. தன் குற்றத்தைத் தானே துருவிப் பார்க்கும் துணிவு எல்லா நாடுகளுக்கும் வாய்ப்பதில்லை.

1940 மே 13 அன்று மாலை, ஜெர்மானியப் படையெடுப்பு எக்கணமும் நிகழலாம் என்று நாடே நடுங்கியிருந்தபோது, வால்டன்பூர்க் என்னும் ஊரின் வானில் ஒளிமயமான கையொன்று தோன்றியதாகப் பலர் கூறினர். கத்தோலிக்கர் அதைச் சகோதரர் கிளாசின் காக்கும் கை என்றே கொண்டனர். எளிய மக்களின் பக்தியை நாம் மதிக்கிறோம். அக்கை எல்லையின் உட்புறத்தைக் காத்தது என்றால், 1942-இல் எல்லைக்கு வெளியே மழையில் நின்ற குடும்பங்களைப் பற்றி அது என்ன சொல்லிற்று என்று கேட்கவும் செய்கிறோம். ரான்ஃப்ட் குடிலுக்கு வெளியே பார்க்கும் சாளரமும் இருந்ததே!

பிறரைக் குறைகூறும்போது நம் வீட்டையும் பார்க்கவேண்டும். 1929-இல் இத்தாலியோடு செய்துகொண்ட இலாத்தரன் உடன்படிக்கையில், நாடுகளுக்கிடையே எழும் உலகியல் போட்டிகளில் திருப்பீடம் கலந்துகொள்ளாது என்று திருச்சபையும் உறுதி கூறியது. போர்க்காலத்தில் பன்னிரண்டாம் பயஸ் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாமா என்ற விவாதம் முடியவில்லை. அக்கால ஆவணங்களை ஆய்வாளருக்கு 2020 மார்ச்சில் வத்திக்கான் திறந்துவிட்டது. உரோமையின் துறவற இல்லங்களில் யூதர் பலர் ஒளித்துக் காக்கப்பட்டதும் அதே காலத்தில்தான். 1947 மே 15 அன்று நிக்கோலாசைப் புனிதராக அறிவித்தவரும் அதே திருத்தந்தையே.

போருக்குப் பின் நீண்ட காலம் சுவிட்சர்லாந்து ஐக்கிய நாடுகள் அவையில்கூடச் சேரவில்லை. 1986-இல் மக்கள் வாக்களித்து மறுத்தனர். 2002-இல்தான் குறுகிய பெரும்பான்மையில் இசைந்தனர். 2022-இல் உருசியா உக்ரைன்மீது படையெடுத்தபோது, ஐரோப்பிய ஒன்றியம் விதித்த பொருளாதாரத் தடைகளைச் சுவிஸ் அரசு தானும் மேற்கொண்டது. இது நடுநிலைமைக்கு முரண் என்று எதிர்த்தோர், நடுநிலைமையை இன்னும் இறுக்கமாக அரசியலமைப்பில் எழுதவேண்டும் எனக் கோரி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களை 2024-இல் அளித்தனர். மெய்யான தயக்கம் இருதரப்பிலும் உண்டு. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், நாளை இருதரப்பாரையும் அழைத்து உட்காரவைக்கும் தகுதி போய்விடும் என்பது ஒரு தரப்பின் கவலை. அடிப்பவனையும் அடிபடுபவனையும் ஒரே அளவில் வைத்தால் அது அடிப்பவனுக்கே உதவும் என்பது மறுதரப்பின் கவலை. மலைப்பாதையில் இறங்கி வந்த ஹைமோவிடம் கேட்டால் முதல் கவலையைப் புரிந்துகொள்வார். எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் விழுந்து கிடந்தவனைக் கேட்டால் இரண்டாவதை.

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டியது பாக்கி உள்ளது. ஸான்க்ட் காலன் மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்தவர் பவுல் குரூனிங்கர். முன்பு பள்ளியாசிரியர். 1938 ஆகஸ்டில், நுழைவு அனுமதி இல்லாத அகதிகளைத் திருப்பியனுப்ப வேண்டும் என்று மேலிடத்து ஆணை வந்தது. ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர்கள் அவர் மேசை முன் நின்று அழுதார்கள். அவர்கள் ஆணைக்கு முன்பே எல்லையைக் கடந்துவிட்டதாகத் தாள்களில் நாளை முன்தேதியிட்டு எழுதி, நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே விட்டார். 1939-இல் பதவி போயிற்று. 1940-இல் மாவட்ட நீதிமன்றம் ஆவணங்களைத் திருத்திய குற்றத்துக்காக 300 ஃபிராங்க் தண்டம் விதித்தது. ஓய்வூதியமும் இல்லை. அதன்பின் நிலையான வேலை எதுவும் கிடைக்காமல், கிடைத்த சிறு வேலைகளைச் செய்து குடும்பத்தைக் காத்தார். செய்ததற்காக அவர் வருந்தவில்லை என்பதை முதுமையில் தெளிவாகவே சொன்னார். 1972-இல் வறுமையில் இறந்தார். ‘ஜே’ முத்திரைக் கொள்கைக்காகச் சுவிஸ் குடியரசுத் தலைவர் 1995 மே மாதம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டில் ஸான்க்ட் காலன் நீதிமன்றம் பழைய வழக்கை மீண்டும் எடுத்து விசாரித்து, குரூனிங்கர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. அப்போது அவர் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.